இலையில் ஓட்டை, புழுவைக் காணோம்: வீட்டுத்தோட்டத்தில் புழு தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மாடியில் நாற்பது பை, கீழே ஒரு முருங்கை, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை. என் தோட்டம் இவ்வளவுதான். ஆனால் 12 வருடமாக விடாமல் செடி வளர்ப்பதால் அக்கம்பக்கத்தில் தோட்டம் போடுகிறவர்கள் எனக்குப் படம் அனுப்புவார்கள். படத்தில் ஓட்டை விழுந்த இலை இருக்கும். கூடவே ஒரு வரி: "என்ன மருந்து அடிக்கலாம்?" புழுவைப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். எந்தப் புழு, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடிக்கிற மருந்து தண்டுக்குள் இருக்கும் புழுவைத் தொடவே தொடாது. பூவுக்கு வரும் தேனீயைத்தான் தொடும். அதனால் இங்கே மருந்தைவிடத் தேடுவதைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இலையெல்லாம் ஓட்டை. செடியைப் புரட்டிப் பார்த்தும் புழு இல்லை. எங்கே போயிருக்கும்?

மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். இலைக்கு அடியில், மண்ணில், அல்லது செடிக்கு உள்ளேயே.

இலைக்கு அடியில் இருப்பதைப் பார்க்க இலையைத் திருப்புவதைவிட நீங்கள் குனிவது நல்லது. செடிக்குக் கீழே கண்ணைக் கொண்டுபோய், வெயிலுக்கு எதிராக அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் இலையை ஊடுருவும்போது அடியில் ஒட்டியிருக்கும் புழு நிழலாகத் தெரியும். பச்சை இலையில் பச்சைப் புழுவை மேலிருந்து தேடிக் கண்டுபிடிப்பது எனக்கு இன்றும் கஷ்டம்.

மண்ணில் ஒளிவது புரொடீனியா என்று விவசாயிகள் சொல்லும் வெட்டுப்புழு. வளர்ந்த வெட்டுப்புழு பகலில் செடியில் இருக்காது. தண்டைச் சுற்றி விரலால் ஒரு அங்குல ஆழம் கிளறுங்கள், மூடாக்காகப் போட்ட சருகைத் தூக்குங்கள், பையையே நகர்த்தி அடியில் பாருங்கள். சுருண்டு கிடக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு வந்தால் அதே புழு இலை மேல் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓட்டை பழையதாக இருக்கலாம். கடிபட்ட இலை திரும்ப மூடிக்கொள்ளாது. புழு தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகப் பறந்து பத்து நாள் ஆகியிருக்கும், ஓட்டை மட்டும் அப்படியே நிற்கும். புதிதாக வந்த கொழுந்து இலை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். முழுசாக இருந்தால் தேட வேண்டியதில்லை.

புழுவின் எச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, எப்படி?

நான் முதலில் பார்ப்பது அதைத்தான். புழு எவ்வளவு நன்றாக ஒளிந்தாலும் எச்சத்தை ஒளிக்காது. நாள் முழுக்கத் தின்னும், நாள் முழுக்கக் கழியும். சின்னச் சின்ன உருண்டைகளாகக் கீழ் இலையிலும் தரையிலும் விழுந்து கிடக்கும். விழுந்த இடத்திலிருந்து நேர் மேலே பார்த்துக்கொண்டே போனால் புழு கிடைக்கும்.

ஈரமாக, பச்சையாக இருந்தால் புழு இப்போதும் மேலே இருக்கிறது. காய்ந்து கறுத்திருந்தால் பழையது. கடுகைவிடச் சிறியதாக இருந்தால் குட்டிப் புழு. மிளகு அளவு இருந்தால் விரல் தடிமனில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. என் வீட்டில் ஒருமுறை கத்தரிப் பைக்கு அருகே தரையில் யாரோ மிளகு சிந்தியது போலக் கிடந்தது. கூட்டிவிட்டேன். மறுநாள் காலை திரும்பவும் அதே இடத்தில் மிளகு. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். இலைக்காம்போடு காம்பாக, வாலில் ஒரு கொம்போடு, என் சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு பருந்து அந்துப்பூச்சிப் புழு. எள், அவரை, கத்தரி மூன்றிலும் வரும். முதுகில் மண்டை ஓடு போன்ற குறியுள்ள பெரிய அந்துப்பூச்சியின் புழு அது. இரண்டு நாளாக அதற்கு அரையடி தள்ளி நின்றுதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

சந்தேகப்படும் செடிக்கு அடியில் இரவு ஒரு செய்தித்தாளோ பழைய வெள்ளை வேட்டித் துண்டோ விரித்து வையுங்கள். மண் மேல் விழுந்தால் எச்சம் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளையில் தெரியும்.

எந்த நேரத்தில் தேடுவது நல்லது?

காலை ஆறிலிருந்து ஏழரைக்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. நடுப்பகலில் தேடுவது வீண். வெயில் ஏறியதும் பல புழுக்கள் அடியிலும் நிழலிலும் போய்விடும். அதோடு, மதியம் எல்லாச் செடியும் கொஞ்சம் வாடித்தான் நிற்கும், தண்டுப்புழுவால் வாடிய நுனியைப் பிரித்துப் பார்க்க முடியாது. காலையில் எல்லா நுனியும் நிமிர்ந்திருக்கும்போது ஒன்று மட்டும் தொங்கினால் அது பளிச்சென்று தெரியும்.

புற ஊதா டார்ச் அடித்தால் புழு மின்னும் என்பது உண்மையா?

உண்மைதான். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் அந்த ஊதா விளக்கே போதும். நல்ல இருட்டில் அடித்தால் இலை மங்கலாகச் சிவந்தோ கறுத்தோ தெரியும், பல வகைப் புழுக்களின் உடம்பு வெளிறிய பச்சையாக ஒளிரும். முக்கியமாகப் பெரிய பச்சைப் புழுக்கள். ஆனால் எல்லாப் புழுவும் ஒளிராது, காய்க்குள் இருப்பது தெரியவே தெரியாது. சாதாரண டார்ச்சோடு சேர்த்து இதையும் வைத்துக்கொள்ளலாம். கண்ணில் நேராக அடிக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

புழுவாகும் முன்பே முட்டையைப் பிடிக்க முடியுமா?

முடியும். இதைக் கற்றுக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இலைக்கு அடியில் முட்டைகளைக் குவியலாக இட்டு, தன் உடம்பின் வைக்கோல் நிற முடியால் மூடிவைக்கும். பார்த்தால் கம்பளித் துணியில் ஒரு துணுக்கு ஒட்டியது போல இருக்கும். ஒரு குவியலில் நூற்றுக்கணக்கான முட்டைகள். அந்த ஓர் இலையைக் கிள்ளினால் வேலை முடிந்தது. விட்டுவிட்டால் குட்டிப் புழுக்கள் முதல் சில நாள் அதே இலையில் கூட்டமாக இருந்து பச்சையத்தை மட்டும் சுரண்டும். இலை சல்லடைக் காகிதம் போல வெளுத்துவிடும். அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. அதையும் தவறவிட்டால் கலைந்து எல்லாப் பைக்கும் போய்விடும்.

பச்சைக் காய்ப்புழுவின் தாய் அப்படிக் குவிக்காது. தக்காளி, அவரை, செண்டுமல்லி இவற்றின் நுனி இலையிலும் மொட்டிலும் ஒவ்வொன்றாக இடும். வெளிர் மஞ்சளில் சின்ன முத்து மாதிரி, ஒரு கசகசா அளவில் இருக்கும். கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெல்லிய நூல் காம்பின் நுனியில் தனியாக ஒரு முட்டை நின்றால் அதைத் தொடாதீர்கள். அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதிலிருந்து வருவது அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகளையும் சின்னப் புழுக்களின் முட்டையையும் தின்னும்.

கத்தரிச்செடியில் நுனி மட்டும் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா?

இல்லை. இது கத்தரித் தண்டு மற்றும் காய்த்துளைப்பான். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

தாய் அந்துப்பூச்சி வெள்ளை நிறம், இறக்கையில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இரவில் வந்து இலைக்கு அடியிலும் கொழுந்திலும் மொட்டிலும் முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியில் சுற்றாது. சில மணி நேரத்திலேயே குருத்துக்குள் துளைத்துப் போய்விடும். அதனால்தான் எவ்வளவு தேடினாலும் இலை மேல் இந்தப் புழு கிடைப்பதில்லை, மேலே அடிக்கிற மருந்தும் இதை எட்டுவதில்லை.

தொங்கும் நுனியைப் பிடித்து மெல்ல வருடிக்கொண்டே கீழே வாருங்கள். ஓரிடத்தில் சின்னத் துளையும் அதை அடைத்த மரத்தூள் போன்ற எச்சமும் தட்டுப்படும். வாடிய பகுதிக்கு ஓரிரு அங்குலம் கீழே, தண்டு கெட்டியாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய துண்டை நீளவாக்கில் கிழித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பில் ஒரு புழு இருந்தால் சரி. துண்டுக்குள் சுரங்கம் மட்டும் இருந்து புழு இல்லையென்றால் அது இன்னும் கீழே இறங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டும். வெட்டினால் செடி போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், கத்தரி பக்கக்கிளை விட்டு இன்னும் அடர்த்தியாக வரும்.

செடி காய்க்க ஆரம்பித்ததும் புழு குருத்தைவிட்டுக் காய்க்கு மாறும். இங்கே எல்லோரும் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. காயில் தெரியும் வட்டமான, சுத்தமான ஓட்டை பெரும்பாலும் புழு உள்ளே போன வழி அல்ல, வெளியே வந்த வழி. குட்டிப் புழு காம்புக்கு அருகே, புல்லிவட்டத்துக்கு அடியில் நுழைந்த துளை ஊசிமுனை அளவில் இருக்கும், காய் வளர வளர மூடிக்கொள்ளும். அதனால் ஓட்டைக் காயை வெட்டிப் பார்த்துவிட்டு "புழு இல்லை, தப்பித்தோம்" என்று நினைக்காதீர்கள். அது இறங்கிப் போய்த் தண்டிலோ கீழே கிடக்கும் சருகிலோ பையின் மடிப்பிலோ கெட்டியான பட்டுக்கூடு கட்டியிருக்கும். அடுத்த வேலை கத்தரிப் பையைச் சுற்றி விழுந்த இலைகளை அள்ளி அப்புறப்படுத்துவதுதான்.

இந்த ஒரு புழுவுக்காகத்தான், புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து மாற்றிய பி.டி. கத்தரியே உருவானது. இந்தியாவில் 2010 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்தார்கள். வங்கதேசம் 2013-ல் அனுமதித்தது. கத்தரி விளையும் நாடுகளையெல்லாம் இது எவ்வளவு படுத்தியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் கையில் இருப்பது பத்துச் செடி. தினம் காலையில் தொங்கும் நுனியை வெட்டினாலே பெரும்பகுதி அடங்கும். நூறு ஏக்கர்காரர்களுக்கு இல்லாத வசதி இது.

தக்காளிக் காயில் வட்ட ஓட்டை. இதுவும் அதே புழுவா?

வேறு புழு. இது பச்சைக் காய்ப்புழு. பெயர்தான் பச்சை. பழுப்பாகவும் வெளிர் சிவப்பாகவும்கூட வரும், பக்கவாட்டில் கோடுகள் இருக்கும். இதைப் பிடிப்பது சுலபம், ஏனென்றால் தலையைக் காய்க்குள் நுழைத்துப் பின்பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டுதான் தின்னும். ஒரு காயோடு நிற்காது, அடுத்தடுத்த காய்க்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றை ஒன்று தின்னும் குணமும் இதற்கு உண்டு, அதனால் ஒரு காயில் ஒன்றுதான் இருக்கும். ஐந்து காய் ஓட்டையானால் ஐந்து புழு என்று பதற வேண்டாம், ஒரே புழுவின் வேலையாக இருக்கலாம். ஓட்டை ஈரமாக இருக்கும் காய்க்குப் பக்கத்துக் கொத்தில் தேடுங்கள்.

தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைக்கச் சொல்வது அழகுக்காக அல்ல. இந்தப் புழுவின் தாய் செண்டுமல்லி மொட்டில் முட்டையிட விரும்பி வரும். அங்கே முதலில் பார்த்தால் தக்காளிக்கு வரும் முன்பே தெரிந்துவிடும். வெட்டுப்புழுவுக்கு ஆமணக்கு அப்படி. ஓரத்தில் ஓர் ஆமணக்குச் செடி நின்றால், அந்த அகன்ற இலையில் முட்டைக்குவியல் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஆனால் தினமும் பார்க்க மாட்டீர்கள் என்றால் இரண்டையும் வைக்காதீர்கள். நீங்களே புழு வளர்ப்பது போலாகிவிடும்.

இலையில் வெளிறிய பெரிய கொப்புளம் போன்ற திட்டும், காயில் குண்டூசி குத்தியது போன்ற துளைகளும் இருந்தால் அது ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014-ல் இந்தியாவில் கண்டறியப்பட்டது. அந்த இலைகளை உடனே கிள்ளிவிடுங்கள்.

வெண்டைக்காய் கோணலாக வளைந்து வருகிறது, என்ன காரணம்?

காய்ப்புழு துளைத்த பக்கம் வளராது, அந்தப் பக்கமாகக் காய் வளையும். காம்பருகே எச்சம் அடைத்த துளை இருக்கிறதா பாருங்கள். துளை இல்லாமல் வளைந்தால் சாறு உறிஞ்சும் பூச்சியோ சத்துக்குறையோ இருக்கலாம். பூ வரும் முன்பே நுனி வாடினாலும் இதே புழுதான், கத்தரிக்குச் சொன்னபடி நுனியை வெட்ட வேண்டும்.

வெண்டை இலை குழல் மாதிரி சுருண்டிருந்தால் அது இலைச்சுருட்டுப்புழு. பிரித்தால் உள்ளே பளபளப்பான பச்சைப் புழுவும் ஏகப்பட்ட எச்சமும் இருக்கும். பிரிக்கவே வேண்டாம், இரண்டு விரலால் அழுத்திவிட்டுப் போகலாம்.

பாகல், புடலைக் கொடியில் எங்கே பார்ப்பது?

இரண்டு இலை ஒட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில். ஒரு புழு, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு போட்ட நல்ல பச்சை, நூலால் இலைகளைப் பிணைத்து நடுவில் உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டும். காய் மேல் இலை ஒட்டியிருந்தால் கட்டாயம் விலக்கிப் பாருங்கள், அந்த மறைவில் காயின் தோலையும் சுரண்டும். தாயை மாலையில் கொடியருகே பார்க்கலாம்: கண்ணாடி போன்ற வெள்ளை இறக்கை, சுற்றிலும் கறுப்புக் கரை, வால் நுனியில் குஞ்சம்.

புடலைக்கென்று ஒரு காவடிப்புழு உண்டு. நடக்கும்போது முதுகைக் காவடி மாதிரி வளைத்து வளைத்து நடக்கும். இலை ஓரத்தை வெட்டி மடித்து அதற்குள் இருந்து தின்னும். ஓரம் மடிந்த இலைகளை மட்டும் தேடினால் போதும்.

பாகற்காய் பழுத்து அழுகி, வெட்டினால் உள்ளே கால் இல்லாத வெள்ளைப் புழு நெளிகிறது என்றால் அது அந்துப்பூச்சியின் புழு அல்ல. பழ ஈ. அதற்கு வழி வேறு, பிஞ்சிலேயே காகித உறை போடுவது நன்றாகப் பலன் தருகிறது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு வரும் என்று தெரிந்தே வையுங்கள். அரை அங்குலம்கூட இருக்காது. தொட்டால் பின்னோக்கித் துள்ளி, நூலில் தொங்கி இறங்கும். அந்தத் துள்ளல்தான் அடையாளம். இலையில் மேல்தோலை விட்டுவைத்து அடியில் சுரண்டுவதால் சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் போலத் தெரியும். நாற்று நட்ட அன்றே நுண்வலை போட்டு மூடுவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

கீரையில் இலைகள் பின்னிக்கொண்டு சிலந்தி வலை மாதிரி இருக்கிறதே?

கீரை இலைபிணைக்கும் புழு. சிலந்தி அல்ல. கீரை 25 நாளில் அறுக்கிற பயிர், இதற்கு மருந்தே வேண்டாம். பின்னிய இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, ரொம்ப இருந்தால் முன்கூட்டியே அறுத்துவிடுங்கள்.

முருங்கை மரத்தில் கம்பளிப்புழு கூட்டமாக ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

முதலில் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அதன் முடி தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். காற்றில் உதிர்ந்து காயப்போட்ட துணியில் ஒட்டினாலும் வரும். பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து முடிகளை அகற்றி, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு இரைத்தாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மழைக்குப் பிறகு வரும் இந்தப் புழுக்கள் இரவில் இலையைத் தின்றுவிட்டுப் பகலில் அடிமரத்தில் ஒரே அடையாக ஒட்டியிருக்கும். அது நமக்குச் சாதகம். தேட வேண்டிய வேலையே இல்லை. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, நீண்ட குச்சித் துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் தள்ளிவிடுங்கள். தீப்பந்தம் காட்டும் பழக்கம் ஊரில் உண்டு. வீட்டு மரத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், பட்டை வெந்துவிடும், சுவரும் கம்பியும் பக்கத்தில் இருக்கும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் மாதிரி ஏதோ இருக்கிறது, தொட்டால் கொம்பு நீட்டுகிறது. ஆபத்தா?

ஆபத்தே இல்லை. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. குட்டியில் பறவை எச்சம் போலவும் வளர்ந்ததும் இலைப்பச்சையாகவும் இருக்கும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போன்ற ஓர் உறுப்பை நீட்டி ஒருவித வாடை விடும். எறும்பையும் மற்ற சிறு எதிரிகளையும் விரட்டத்தான் அது. கடிக்காது, கொட்டாது.

ஆளுயரக் கறிவேப்பிலை பத்துப் புழுவைத் தாங்கும். தயவுசெய்து விட்டுவையுங்கள். ஒரு முழம்கூட வளராத கன்று என்றால் தாங்காது, புழுவை இலையோடு எடுத்துப் பெரிய மரத்துக்கு மாற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு கொத்து இலையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி வைத்து வளர்க்கலாம். புழு தண்ணீரில் விழாதபடி வாயைப் பஞ்சால் அடைத்துவிட வேண்டும். என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது இப்படி வளர்த்தோம். பள்ளிக்குப் போகும் நேரத்தில் கூடு பிளந்து இறக்கை விரிந்தது, அன்று இரண்டாவது மணிக்குத்தான் பள்ளிக்குப் போனாள்.

நான் பார்ப்பது புழுதானா என்று எப்படி உறுதி செய்வது?

காலை எண்ணுங்கள். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்குத் தலைக்குப் பின்னால் மூன்று ஜோடி உண்மையான கால்களும், வயிற்றுப் பக்கம் சதைப்பற்றான பொய்க்கால்களும் இருக்கும். பொய்க்கால் அதிகபட்சம் ஐந்து ஜோடி, காவடிப்புழுவுக்குக் குறைவு.

கத்தரி இலையில் மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக, ஏணிப்படி மாதிரி சுரண்டிக்கொண்டிருப்பது புள்ளி வண்டின் குஞ்சு. அதையும் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் புழுவுக்கென்று விற்கும் உயிரி மருந்து அதைக் கொல்லாது. தக்காளி இலையில் பாம்பு போன வழி போல வெள்ளைக் கோடு இருந்தால் அது ஒரு சின்ன ஈயின் வேலை. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் கால் இல்லாமல் அட்டை மாதிரி ஊர்வது மிதவை ஈயின் புழு. அது அசுவினியைத் தின்றுகொண்டிருக்கிறது. அதை நசுக்கிவிட்டு அசுவினிக்கு மருந்து தேடிய ஒருவரை எனக்குத் தெரியும், தெரியாமல் செய்ததுதான்.

புழுவின் மேல் வெள்ளை அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. அதன் முட்டையா?

இல்லை. அந்தப் புழுவின் எமன். கொசு அளவுள்ள ஒரு குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை இட்டு, குளவிக் குஞ்சுகள் உள்ளேயே வளர்ந்து, வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. புழு இனிப் பிழைக்காது. அதை அப்படியே விடுங்கள். கூட்டிலிருந்து வரும் குளவிகள் உங்கள் தோட்டத்திலேயே அடுத்த புழுவைத் தேடும். இந்தக் குளவிகள் நம்மைக் கொட்டுவதில்லை. நான் மருந்து அடிக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் இவைதான்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்?

கையால் பொறுக்குவதுதான். ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு உள்ளே போடுங்கள். தொட அருவருப்பாக இருந்தால் பழைய இடுக்கி போதும். கோழி வளர்ப்பவர்களுக்கு இது தீனி. கம்பளிப்புழுவை மட்டும் கோழிக்குப் போட வேண்டாம். தவிட்டுக்குருவியும் மைனாவும் வந்துபோகும் மாடி என்றால் ஒரு குச்சியைப் பைகளுக்கு நடுவில் நட்டுவையுங்கள், உட்கார்ந்து பார்த்துப் பொறுக்கும்.

பொறுக்கி மாளவில்லை. எதை அடிக்கலாம்?

நான் பயன்படுத்துவது இரண்டே. ஒன்று வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலையே அடித்துவிட வேண்டும், வைத்துப் பயன்படுத்தக் கூடாது. புழு உடனே சாகாது. தின்பது குறையும், தோலுரிக்க முடியாமல் போகும், முட்டையிட வரும் பூச்சியும் விலகும்.

இன்னொன்று பி.டி. என்று கடையில் கிடைக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா. முதன்முதலில் 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழு நோயை ஆராய்ந்தபோது தெரியவந்தது. புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். தின்ற சில மணி நேரத்தில் வாய் மூடிக்கொள்ளும், ஓரிரு நாளில் சாகும். வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். குட்டிப் புழுவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். விரல் தடிமன் ஆனதைக் கையால் எடுப்பதே வேகம். இது வண்ணத்துப்பூச்சிப் புழுவையும் கொல்லும், அதனால் தோட்டம் முழுக்க அடிக்காமல் புழுவைப் பார்த்த செடிக்கு மட்டும் அடியுங்கள். பட்டுப்புழு வளர்க்கும் ஊரில் அடிக்கவே வேண்டாம்.

தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் போய்விட்ட புழுவுக்கு இரண்டும் உதவாது. அதற்குக் கத்தரிக்கோல்தான்.

இனக்கவர்ச்சிப் பொறி மாட்டினால் போதாதா?

பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றிய வில்லை வைத்த பொறி இது. ஆண் அந்துப்பூச்சியை மட்டும் இழுக்கும், ஒவ்வொரு இனத்துக்கும் தனி வில்லை வேண்டும். கத்தரிக்கு வாங்கியது தக்காளிப் புழுவைப் பிடிக்காது. பொறியில் திடீரென நான்கைந்து விழுந்தால் இன்றிலிருந்து முட்டை தேட வேண்டும் என்று அர்த்தம். அந்த வகையில் நல்ல மணி அது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

தண்ணீர் ஊற்றும்போது தினமும் ஒரு பார்வை, வாரம் இருமுறை இலையைத் திருப்பிச் சரியான தேடல். முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள் ஆகும், அதற்குள் ஒரு சுற்று வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. நாற்பது பைக்கு எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. நுனி, மொட்டு, அடி இலை, தரை என்று எப்போதும் ஒரே வரிசையில் பார்த்தால் எதுவும் விடுபடாது.

புழு விழுந்த கத்தரிக்காயைச் சமைக்கலாமா?

சமைக்கலாம். புழு போன வழியையும் எச்சம் பட்ட இடத்தையும் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்துங்கள். உள்ளே அழுகியிருந்தால் மட்டும் வேண்டாம். வெட்டி எறிந்த துண்டை உரத்தொட்டியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் புழு அங்கேயே கூடு கட்டி அடுத்த வாரம் இரண்டு அடி தள்ளி நிற்கும் செடிக்கே திரும்பும். வெட்டிய நுனிகளும் அப்படித்தான். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, இரண்டு மூன்று நாள் மொட்டை மாடி வெயிலில் வையுங்கள். அப்புறம் தாராளமாக உரத்தொட்டியில் கொட்டலாம்.